மாலை 5.10, தூறல்

ஹெல்லவிக், 12 நவம்பர் 1983, சனிக்கிழமை
மாலை 5.10. வடமேற்குக் காற்று, தூறல்.

அன்புத் தங்கை இங்குனுக்கு அண்ணன் ஐலர்ட் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பெர்கன் மழையில் அந்தப் படிக்கட்டுகளில் ஏறி இறங்காதே என்று எத்தனை தடவை சொல்வது? கேட்கவா போகிறாய்.

இன்று எனக்குப் படகில் முறை இல்லை. கிறிஸ்துமஸுக்கான ஆட்டு விலாவை உப்புப் போட்டுத் தொங்கவிட்டாயிற்று. தனிக்கட்டைக்கு எவ்வளவு வேண்டும்? உனக்கும் ஒரு பங்கு வரும்.

ஒரு சின்ன விஷயம். பத்தொன்பது வருஷமாக வக்கீல் ஆபீஸில் தட்டச்சு செய்கிறவள், உனக்குத் தெரியாத சட்டமா! படகில் எங்கள் ஆட்களுக்குள் ஒரு பந்தயம். ஒருத்தன் காரில் வீட்டுக்கு வருகிறான். வழியில் எதையோ இடித்துவிட்டான், போலீஸ் வந்தாலும் வரும் என்று அவனுக்கே தோன்றுகிறது. வீட்டில் உட்கார்ந்து இரண்டு கிளாஸ் ஊற்றிக்கொள்கிறான். பிறகு இரத்தம் எடுத்துப் பார்த்தால், எது முன்னால் குடித்தது, எது பின்னால் குடித்தது என்று எவன் சொல்ல முடியும்? வீட்டுக்கு வந்துதான் குடித்தேன் என்று சொன்னால் விட்டுவிட வேண்டியதுதானே?

போனில் கேட்கலாம். ஆனால் எக்ஸ்சேஞ்சில் கெர்டா உட்கார்ந்திருக்கிறாளே. இந்த ஊரில் இன்னும் அவள் கையால் இணைப்புக் கொடுத்தால்தான் பேச முடியும்; கொடுத்துவிட்டு அவளும் கூடவே இருந்து கேட்பாள். ஆறு மணிப் படகின் தபால் பையில் இதைப் போடுகிறேன். சீக்கிரம் பதில் எழுது. கையெழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு, என்னைத் திட்டாதே.

அன்புடன்,
ஐலர்ட்


பெர்கன், 16 நவம்பர் 1983

அன்புள்ள அண்ணா,

கடிதம் கிடைத்தது. நான் நலமே. நீ கரைக்கு வந்தாலும் கேப்டன்தான். மேலே மணியும் காற்றும் போடாமல் உனக்கு ஒரு கடிதம் எழுத வராது. அம்மா செத்துப்போன செய்தியைக்கூட "காலை 6.20, தெற்குக் காற்று" என்று தொடங்கி எழுதியவன் நீ.

உங்கள் பந்தயக்காரர்களிடம் சொல்: இரத்தத்தில் ஆயிரத்தில் அரைப் பங்குக்கு மேல் சாராயம் இருந்தால் இருபத்தொரு நாள் சிறை. கேப்டனானாலும் பாதிரியானாலும் அதே இருபத்தொரு நாள். இந்த மாதிரி ஆட்களைத் தினமும் பார்த்துப் பார்த்து எனக்குக் குமட்டுகிறது. போன மாதம் ஒருத்தர் உள்ளே போகுமுன் ஸ்பெயின் கடற்கரைப் படம் போட்ட அட்டைகளை என்னிடம் நீட்டினார். "நான் லீவுல வெளிநாடு போயிருக்கேன்னுதான் வீட்டுப் பக்கம் சொல்லியிருக்கேன். யாராவது அந்தப் பக்கம் போனா இதை அங்கேருந்து தபால்ல போடச் சொல்லுங்கம்மா"ன்னார். சீ! "முகத்துக்கு வெயில் நிறம் யாரு பூசுவா?" என்று கேட்டு அனுப்பினேன்.

"வீட்டுக்கு வந்துதான் குடித்தேன்" என்ற கதை பழைய கதை. எல்லாரும் அதைச் சொல்லித் தப்பித்ததால்தான் ஒரு விதி போட்டார்கள். போலீஸ் விசாரணை வரக்கூடும் என்று தெரிந்த ஒருத்தன், காரை விட்டு இறங்கிய பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒரு சொட்டுக்கூடக் குடிக்கக் கூடாது. குடித்தால் அதுவே குற்றம். ஆக உன் பந்தயக்காரன் தோற்றான். அதில் ஒரே ஒரு ஓட்டை உண்டு. அவனுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்திருக்கவும் வழியில்லை என்றால் அந்த விதி அவனைப் பிடிக்காது. தெரியும் என்று நிரூபிப்பது போலீஸ் பாடு.

யார் ஜெயித்தது, எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

இங்குன்


ஹெல்லவிக், 20 நவம்பர் 1983, ஞாயிற்றுக்கிழமை
காலை 11.00. காற்று இல்லை, தெளிவு.

அன்புத் தங்கைக்கு,

சுகமா? முழங்கால் தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

பந்தயம் என் தலையிலேயே விழுந்தது பார். அந்தச் சனிக்கிழமை காலையில் விளையாட்டாக உனக்கு எழுதினேன் அல்லவா? அன்று ராத்திரி எட்டு மணிக்கு நம்ம போலீஸ்காரர் ஹால்வார் கதவைத் தட்டுகிறார். முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் தூர்டிஸ், உன்னோடு பள்ளியில் படித்தவள், சாலையோரப் பள்ளத்தில் கிடந்தாளாம். பக்கத்தில் கார் விளக்குக் கண்ணாடி கிடந்ததாம். என் காரில் ஒரு விளக்கு உடைந்திருக்கிறது. அவ்வளவுதான். உடனே என்னை டாக்டரிடம் கூட்டிப்போய் இரத்தம் எடுத்துவிட்டார். ஆயிரத்தில் 1.6 பங்கு என்று வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்துதான் குடித்தேன் என்று சொன்னேன். உண்மையும் அதுதான். அன்று மதியம் படகுக் கொட்டகையில் எல்லாரோடும் உட்கார்ந்து காப்பி மட்டும்தான் குடித்தேன். வழியில் எதையாவது இடித்தேனா என்று எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்திருக்கவும் வழியில்லை. நேற்று ஹால்வாரிடம் போய் இதையும் எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

அவர் கொடுத்த தாளில் 'சந்தேகத்துக்குரியவர்' என்பதை அடித்துவிட்டு 'குற்றம் சுமத்தப்பட்டவர்' என்று எழுதியிருக்கிறார். அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? உன் வக்கீலைக் கேட்டு எழுது.

அன்புடன்,
ஐலர்ட்


பெர்கன், 24 நவம்பர் 1983

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

முதலில் நீ கேட்டது. சந்தேகத்துக்குரியவர் என்றால் போலீஸ் உன் பக்கம் பார்க்கிறது, அவ்வளவுதான். குற்றம் சுமத்தப்பட்டவர் என்றால் உன் மேல் இன்ன குற்றம் என்று பெயர் வைத்துவிட்டது. இனி உனக்கு வக்கீல் உண்டு, தாள்களைப் பார்க்கும் உரிமை உண்டு, வாய் திறக்காமல் இருக்கும் உரிமையும் உண்டு. வழக்கு நீதிமன்றம் போனால் பிரதிவாதி என்பார்கள். சாட்சி சொல்கிறவர் உண்மைதான் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் அவருக்கும் சிறை. உடன்பிறந்தவர்கள் மட்டும் சாட்சி சொல்ல மறுக்கலாம். யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

இனி நான் கேட்பது. தூர்டிஸைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய். அதுவும் பள்ளத்தில் கிடந்தாள் என்று. அவளுக்கு என்ன அடி? எலும்பு முறிந்ததா? பிழைப்பாளா? உன் இரத்தத்தில் எவ்வளவு என்று துல்லியமாக எழுதத் தெரிந்தவனுக்கு அவள் உடம்பிலிருந்து எவ்வளவு போனது என்று கேட்கத் தோன்றவில்லையா?

படகுக் கொட்டகைக் காப்பியைப் பற்றி என்னிடம் சொல்லாதே. நானும் அந்த ஊரில் பிறந்தவள். கோப்பையில் காப்பி அரை, வீட்டில் வடித்த சாராயம் அரை. கேட்டால் எல்லாரும் "காப்பி"தான் என்பீர்கள்.

"தெரியாது, தெரிந்திருக்கவும் வழியில்லை" என்று எழுதியிருக்கிறாய். அது நான் உனக்கு எழுதிய வரி. அப்படியே இருக்கிறது.

தூர்டிஸுக்கு ஆஸ்பத்திரி முகவரிக்கு ஓர் அட்டை போட்டிருக்கிறேன். நீயும் போய்ப் பார்.

இங்குன்


ஹெல்லவிக், 1 டிசம்பர் 1983, வியாழக்கிழமை
மாலை 7.40. மேற்குக் காற்று, ஆலங்கட்டி.

அன்புத் தங்கைக்கு,

சுகம்தானே? முழங்காலுக்கு ஆட்டுத்தோல் சுற்றிக்கொள், குளிர் இறங்கிவிட்டது.

நீ என்னவோ நான் அவளை அடித்துப் போட்டதுபோல எழுதுகிறாய். கொட்டகையில் இருந்த ஐந்து பேரும் "கேப்டன் காப்பிதான் குடிச்சாரு" என்று ஹால்வாரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஊர் முழுக்க என் பக்கம். "அந்தப் பொம்பள கார் வெளிச்சம் பட்டா மின்னுற வில்லைகூடக் கைல மாட்டாம இருட்டுல நடந்தா எந்தக் கார்க்காரனுக்குத் தெரியும்?" என்று கெர்டாவே கேட்கிறாள். தூர்டிஸ் ஏதேதோ சொல்கிறாளாம். தலையில் அடி, பாவம். இடுப்பு எலும்புக்கு ஆணி வைத்திருக்கிறார்களாம். நல்ல டாக்டர்கள்.

முப்பத்திரண்டு வருஷம் படகு ஓட்டியவன் நான். இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சிறைக்குப் போனவன் கையில் மறுபடி சுக்கானைக் கொடுக்க மாட்டார்கள். அதை நினைத்துப் பார்.

ஐலர்ட்


மாவட்ட ஆஸ்பத்திரி, 6 டிசம்பர் 1983

பிரியமுள்ள இங்குன்,

உன் அட்டை வந்தது. பள்ளிக்கூட நாள்களுக்குப் பிறகு என் பெயரை உன் கையெழுத்தில் இப்போதுதான் பார்க்கிறேன். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என்னைக் கேட்காதே. இடுப்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. இனி சலவைக்கூடத்தில் நின்று வேலை செய்ய முடியாது என்கிறார்கள்.

உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். நீ அவர் தங்கை. ஆனால் நீ மட்டும்தான் "எப்படி இருக்கிறாய்" என்று கேட்டாய்.

வேலை நாலு மணிக்கு முடியும். இல்லத்திலிருந்து அந்த வளைவு வரை நடக்க இருபது நிமிஷம். ஆக நாலு இருபது. இடித்த பிறகு கார் நின்றது, இங்குன். கதவு திறந்தது. சரளைக்கல்லில் காலடி கேட்டது. படகு கேப்டன் தொப்பி. என் மேல் குனிந்து பார்த்து "அடக் கடவுளே, தூர்டிஸா!" என்று என் பெயரைச் சொன்னார். சாராய வாடை. நான், "ஐலர்ட், தூக்குப்பா, கால் அசையல"ன்னேன். அவர் திரும்பி நடந்தார். டாக்டரைக் கூப்பிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். வெகு நேரம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மணிப் படகைப் பிடிக்கப் போன ஒரு காரின் ஆள்கள்தான் என்னைப் பார்த்து நிறுத்தினார்கள். அப்போது ஐந்தே முக்கால்.

இதையெல்லாம் ஹால்வாரிடம் சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டார். ஆனால் "தலைல அடிபட்டிருக்கேம்மா, நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க" என்று மூன்று தடவை சொன்னார். ஐந்து பேர் காப்பி என்கிறார்களாம். வில்லை மாட்டவில்லை என்று ஊரில் பேச்சாம். இரண்டு கையிலும் மாட்டியிருந்தேன். ஒன்று உடைந்து என் அலமாரியில் இருக்கிறது. எனக்கே சில நேரம் சந்தேகம் வருகிறது, நான்தான் பைத்தியமோ என்று.

உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும்போல இருந்தது.

தூர்டிஸ்


பெர்கன், 9 டிசம்பர் 1983

ஐலர்ட்,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஒரே ஒரு கேள்வி. காரை நிறுத்தி இறங்கினாயா?

ஆம், இல்லை, ஏதாவது ஒன்று எழுது.

இங்குன்


ஹெல்லவிக், 13 டிசம்பர் 1983, செவ்வாய்க்கிழமை
மாலை 4.30. வடகிழக்குக் காற்று, பனி.

அன்புத் தங்கைக்கு,

சுகமா? இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. இன்று மெழுகுவத்தித் திருநாள் அல்லவா, காலையில் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளை அங்கி போட்டு மெழுகுவத்தியோடு படகுக்கு வந்து பாடினார்கள். குங்குமப்பூ ரொட்டி கொடுத்தார்கள். "கேப்டன் மாமா, இதை நீங்க எடுத்துக்குங்க"ன்னு ஒரு வாண்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தது. கண் கலங்கிவிட்டது.

வழக்கு ஜனவரி 18. என் வக்கீல் தைரியம் சொல்கிறார். "உங்களுக்குத் தெரியும்னு அவங்களால நிரூபிக்கவே முடியாது. அவங்க கையில அந்தம்மா பேச்சைத் தவிர ஒண்ணுமில்ல"ன்னார்.

ஒரு காரியம் செய். நவம்பர் 12-ந் தேதி நான் எழுதிய கடிதம் உன்னிடம் கிடந்தால் திருப்பி அனுப்பு. வேண்டாம், தபாலில் எதற்கு, அடுப்பில் போட்டுவிடு. விளையாட்டாக எழுதியதை யாராவது தப்பாகப் படிப்பார்கள். உடன்பிறந்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்று நீயே எழுதியிருந்தாய். எவ்வளவு நல்ல சட்டம்!

முழங்காலைப் பார்த்துக்கொள்.

ஐலர்ட்


பெர்கன், 17 டிசம்பர் 1983

ஐலர்ட்,

உன் கடிதத்தை அடுப்பில் போடத்தான் எடுத்தேன். பொய் சொல்லவில்லை. அடுப்புக் கதவைத் திறந்தும்விட்டேன். தூர்டிஸ் எழுதியதைப் படித்த பிறகும், நீ என் கேள்விக்குப் பதில் சொல்லாத பிறகும், உன்னைக் காப்பாற்றத்தான் என் கை போனது. அந்தக் கையை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

"அந்தச் சனிக்கிழமை காலையில்" எழுதியதாகச் சொன்னாய். காலை என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போட்டுவிடலாம், மனசு ஆறும் என்று நினைத்தேன். உன் கடிதத்தின் மேல் வரியை நான் என்றைக்கு நின்று படித்திருக்கிறேன்? அந்தக் காற்றையும் மழையையும் தாண்டி நேரே விஷயத்துக்குப் போய்விடுவேன். அன்றைக்குத்தான் படித்தேன்.

மாலை 5.10. வடமேற்குக் காற்று, தூறல்.

நாலு இருபதுக்கு அவளை இடித்தாய். ஐந்தே முக்காலுக்கு யாரோ வழிப்போக்கர்கள் அவளைத் தூக்கினார்கள். நடுவில் நீ வீட்டுக்குப் போய், விளக்கைப் போட்டு, கிளாஸில் ஊற்றிக்கொண்டு, தாள் எடுத்து, மணி பார்த்து, ஜன்னல் வழியே காற்றைப் பார்த்து எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாய். தூறல் என்று எழுதியிருக்கிறாய், ஐலர்ட். அந்தத் தூறலில்தான் அவள் கிடந்தாள்.

ஒருத்தன் வழியில் இடித்துவிட்டான், போலீஸ் வரும் என்று அவனுக்கே தோன்றுகிறது என்று உன் கையாலேயே எழுதினாய். கெர்டா ஒட்டுக்கேட்பாள் என்று பயந்தாயே, அவளிடம் "வளைவில ஒருத்தி கிடக்கிறா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பெயர்கூடச் சொல்ல வேண்டாம். பத்து நிமிஷத்தில் டாக்டர் போயிருப்பார். உனக்கு அப்போதும் சட்டம்தான் வேண்டியிருந்தது. நானும் பெரிய மேதாவிபோல உட்கார்ந்து, ஓட்டை எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினேன். தூ!

கடிதம் எரியவில்லை. என் கைப்பையில் இருக்கிறது. நீயாக ஹால்வாரிடம் போ. நின்றேன், பார்த்தேன், விட்டுவிட்டு வந்தேன் என்று நீயே சொல். வருஷம் பிறக்கும் வரை காத்திருப்பேன். நீ சொன்னால் கடிதத்துக்கு வேலையே இல்லை. என் அண்ணன் வாயால் அது வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இங்குன்


ஹெல்லவிக்

அன்புத் தங்கைக்கு,

கிறிஸ்துமஸ் நன்றாக நடந்ததா? ஆட்டு விலாப் பார்சல் வந்திருக்கும். மூன்று மணி நேரம் ஆவியில் வேகவிடு, அவசரப்பட்டு எடுக்காதே. இந்தத் தடவை உப்பு சரியாகப் பிடித்திருக்கிறது.

கோபத்தில் என்னென்னவோ எழுதியிருந்தாய். நான் ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. அம்மா போன பிறகு உனக்கு நான், எனக்கு நீ. நீ அப்படிச் செய்கிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும்.

கடிதத்துக்கு மேலே மணியும் காற்றும் எழுதுகிற கிறுக்குத்தனத்தை விட்டுவிட்டேன், பார்த்தாயா? நீ கேலி செய்தது நியாயம்தான்.

முழங்கால் எப்படி?

ஐலர்ட்


பெர்கன், 2 ஜனவரி 1984, திங்கட்கிழமை
காலை 9.05. தெற்குக் காற்று, மழை.

ஐலர்ட்,

ஹால்வாருக்கு போன் செய்தேன். கெர்டாதான் இணைத்தாள். அவள் கேட்கட்டும் என்று உரக்கவே பேசினேன். நீ அங்கே போகவில்லை என்று அவர் சொன்னார். நவம்பர் 12-ந் தேதிக் கடிதத்தை உறையோடு பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்பிவிட்டு இப்போதுதான் வருகிறேன். நான் உனக்கு எழுதிய பதிலின் கார்பன் நகலும் அதில் இருக்கிறது. என் பங்கும் தெரியட்டும்.

"உடன்பிறந்தவங்க நீங்க, சாட்சிக்கு வரணும்னு கட்டாயமில்லம்மா" என்றார் ஹால்வார். மறுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. மறுத்தே ஆக வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. 18-ந் தேதி வருகிறேன். அதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய், அவளுக்குப் பைத்தியமில்லை என்று தூர்டிஸிடம் நேரில் சொல்வேன்.

ஆட்டு விலாவைப் பிரிக்கவில்லை. அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை மாலை ஐந்து பத்துக்கு நீ முதலில் கேட்டது என் முழங்காலைத்தான். பதில் எழுத மறந்துவிட்டேன். முழங்கால் சுகம்.

இங்குன்